இரண்டாம் ஆண்டு வரலாறு, இருபத்திரண்டு பேர்

ஆகஸ்ட் 4, திங்கள்

பாபநாசம் கடைத்தெருவில் என்னைப் பற்றிச் சொல்லப்படுவது தவறு. மறதி வராமல் இருக்க டாக்டர் என்னைக் கல்லூரிக்குப் போகச் சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். எந்த டாக்டரும் சொல்லவில்லை. எனக்கு மறதியும் இல்லை. இன்று மருந்துக்கடைக்காரர் பரிவோடு மாத்திரையின் பெயரை இரண்டு தடவை சொன்னார். நான் அதை ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையில் இருந்த கணக்குப் பிழையையும் சுட்டிக்காட்டிவிட்டு வந்தேன்.

வதந்தி கிளம்பிய இடம் ஷார்ஜா. என் மகன் பிரபுதான். சாயங்காலம் போனில் கேட்டதும் ஒப்புக்கொண்டான். "எழுபத்துமூணு வயசுல அம்மா பி.ஏ. படிக்கிறாங்கன்னு எப்படிம்மா சொல்றது?"

அப்படியே சொல்லு, வார்த்தை குறைவு என்றேன்.

ஏன் சேர்ந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கும்பகோணம் கான்வென்டில் படித்து பி.யு.சி.யில் முதல் வகுப்பு வாங்கினேன். அடுத்த வைகாசியில் கல்யாணம். மேலே படிப்பதைப் பற்றி அவரிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் "யாரு வேணாம்னா?" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் காலமான மறு வருஷம், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் போய்ச் சேர்ந்தேன். பட்டதாரி ஆக வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வளாகம் என்பது பெரிய பெயர். வாய்க்கால் கரையில் இரண்டு நீளக் கட்டடம், ஒரு கொடிக்கம்பம், வரிசையாகத் தண்ணீர்க் குழாய். ஐந்து பாடப்பிரிவோடு தொடங்கியது. இன்று வரலாறும் தமிழும்தான் மிச்சம். காலை ஒன்பது மணி டவுன் பஸ்ஸைப் பதினொன்றுக்கு மாற்றிய வருஷத்திலிருந்து சேர்க்கை இறங்கிவிட்டது. சைக்கிள் இருப்பவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான் இப்போது வருகிறார்கள். முக்கால்வாசி பெண்கள்.

இரண்டாம் ஆண்டு வரலாற்றில் நாங்கள் இருபத்திரண்டு பேர். என் பக்கத்தில் உட்காருகிறவள் சுடர்விழி. எங்கள் வயல் நடவுக்குப் பல வருஷமாக ஆள் கூட்டி வரும் அம்சத்தின் மகள். என்னைப் 'பாட்டி' என்பதா 'மேடம்' என்பதா என்று வகுப்பே விழித்தபோது, இவள்தான் 'ஞானாம்மா' என்று ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

இன்று சோழர் காலத்து நிலவரி பற்றி ஆசிரியர் கேட்டார். நான் எழுந்து கொஞ்சம் நீளமாகவே பதில் சொன்னேன். உட்கார்ந்ததும் இவள் என் காதருகே, "வரி வாங்குனவங்க பக்கமே நின்னு பேசுறீங்க. குடுத்தவங்க பக்கமும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள். முகத்தில் சிரிப்புக்கூட இல்லை.

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பொறுப்பு முதல்வர் மதிவாணன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சதா எதற்காவது பயப்படுகிறவர். இன்று ஒரே சந்தோஷம். பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு புதன்கிழமை வளாகத்தைப் பார்வையிட வருகிறதாம். புதுக் கட்டடம் கொடுக்கத்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அவர்கள் போனில் கட்டடம் என்ற வார்த்தையைச் சொன்னார்களா என்று கேட்டேன். "வேற எதுக்கும்மா மூணு பேரு கார் எடுத்துக்கிட்டு வரணும்?" என்றார்.

மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஏற்பாடு. மாணவி வீட்டில் குழுவுக்குச் சாப்பாடு போடுவது முறையா என்று தயங்கினேன். ஆனால் இங்கே வேறு எந்த இடத்தில் வாழை இலை போட்டு உட்கார வைப்பார்? சரி என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வளாகம் பார்க்க லட்சணமாக இருந்தது. சுண்ணாம்பு அடித்து, வாசலில் வாழைமரம் கட்டி, பெரிய கோலம். பெஞ்சுகளைத் துடைத்து அடுக்கியிருந்தார்கள். சத்தம் இல்லை, குப்பை இல்லை. மாணவர்களுக்கு மதிவாணன் விடுமுறை விட்டிருந்தார். விருந்தாளி வரும் நாளில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பது எல்லா வீட்டிலும் செய்வதுதான். எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

அரைத்துவிட்ட சாம்பார், வெண்டைக்காய் பச்சடி, வாழைப்பூ வடை, பால் பாயசம். மூவரில் மீரா உசேன் என்ற பேராசிரியர் வடையை மூன்றாம் தடவை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு எழுந்திருக்க மணி இரண்டரை ஆகிவிட்டது. மிகத் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 3, புதன்

உத்தரவு வந்துவிட்டது. நவம்பர் பருவத் தேர்வு முடிந்ததும் வரலாறு, தமிழ் இரண்டு பாடப்பிரிவும் தஞ்சாவூர் தலைமை வளாகத்துக்கு மாற்றப்படும். காரணம்: "பார்வையிட்ட நாளில் எந்த வகுப்பறையிலும் மாணவர் எவரும் இல்லை."

எவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? வீட்டைக் காலி செய்து, பெண்ணையும் ஒளித்து வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பாயசம் ஊற்றியிருக்கிறோம்!

மதிவாணன் என் எதிரில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்ட வாயெடுத்தேன். வரவில்லை. வடை சுட்டது யார்?

செப்டம்பர் 4, வியாழன்

கோபம் ஆறவில்லை. ஆற விடப்போவதும் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் சுடர்விழி வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா அம்சம் இத்தனை வருஷத்தில் எங்கள் கொல்லை வாசலைத் தாண்டியதில்லை. இவள் முன்வாசல் வழியாக வந்து கூடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சரிதான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வீட்டில் வேறெங்கே உட்காருவாள்?

விஷயம் இது. தஞ்சாவூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி எட்டாகும். பாபநாசத்திலிருந்து ஊருக்கு அந்நேரம் பஸ் கிடையாது. பெண்களில் ஒருத்தி வீட்டிலும் சம்மதிக்கவில்லை. மேகலா போன வெள்ளிக்கிழமையே டிசி வாங்கிவிட்டாளாம். எங்கள் வகுப்பில் மிக அழகாகக் குறிப்பெடுப்பவள் அவள்தான்.

சுடர்விழிக்கு டிகிரி இருந்தால்தான் சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுத முடியும். அவள் அப்பா செல்லதுரை, "பன்னெண்டாவதே போதும்" என்று முந்தாநாளிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

"என்ன பண்றதா உத்தேசம்?" என்று என்னைக் கேட்டாள்.

தஞ்சாவூர் போய்ப் பதிவாளரைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"போகப் போறோம்னு சொல்லுங்க" என்றாள்.

செப்டம்பர் 11, வியாழன்

போனோம். நான், சுடர்விழி, இன்னும் நாலு பேர். காரில் போகச் சொல்லி பிரபு போனில் சொன்னதைக் கேட்கவில்லை. பஸ்ஸில் போனோம். எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டாமா? முழங்கால் இன்னும் வலிக்கிறது.

பதிவாளர் அறையில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். நானும் நின்றேன். அவர் சங்கடப்பட்டு, பியூனைக் கூப்பிட்டு இன்னும் ஐந்து நாற்காலி வரவழைத்தார். பிறகு உட்கார்ந்தோம்.

கெட்டவர் இல்லை. இறங்கிக்கொண்டே போகும் சேர்க்கையையும் ஒழுகும் கூரையையும், இங்கே வந்து பாடம் நடத்த எந்த ஆசிரியரும் மனம் வைக்காததையும் நிதானமாகச் சொன்னார். எதுவும் பொய் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, உங்களைப் போன்றவர் படிப்பது எங்களுக்கே பெருமை, உங்களுக்கு மட்டும் வருகைப் பதிவிலிருந்து விலக்கு தருகிறோம், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம் என்றார். போட்டோ எடுக்க ஒரு பையன் கேமராவோடு தயாராக நின்றான்.

ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். கோபம் வந்தால் குரலை இறக்கிப் பேசக் கான்வென்டில் பழக்கியிருக்கிறார்கள். அது ஆங்கிலத்தில்தான் எனக்குச் சரியாக வரும். எனக்குக் கொடுப்பதை மற்ற இருபது பேருக்கும் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அதற்கு விதி இல்லை என்றார். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்றேன்.

"கமிட்டி வந்தப்ப ஒரு ஸ்டூடண்ட்கூட இல்லையேம்மா. அவங்க பாத்ததைத்தானே எழுத முடியும்?" என்றார்.

இதற்குத் தமிழிலேயே சொன்னேன். "விருந்தாளி வர்றாங்கன்னு பிள்ளைங்களை வெளியே அனுப்பி வெச்சோம். எங்க பக்கத்துல அதுக்கு மரியாதைன்னு பேரு. இன்னொரு தடவை ஆள் அனுப்புங்க. சொல்லாம அனுப்புங்க. சாப்பாடு போட மாட்டேன்."

என் வாயால் இப்படி ஒரு வார்த்தை. வீட்டுக்கு வருகிறவருக்குச் சோறு இல்லை என்று. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

திரும்பும் பஸ்ஸில் சுடர்விழி ஜன்னலோரம் எனக்கு விட்டாள். "போட்டோ எடுத்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும்" என்றாள். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நல்லவேளை எடுக்கல. கோவத்துல உங்க மூக்கு தனியாத் தெரியுது."

செப்டம்பர் 12, வெள்ளி

பிரபு போன். மதிவாணன் அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். "அந்த விலக்கை வாங்கிக்கோம்மா. உன் டிகிரி உனக்கு வந்துடும். ஊர்ப் பிரச்சினையெல்லாம் உனக்கு எதுக்கு?"

நேற்று அந்த அறையில் ஒரு நிமிஷம் எனக்கும் ஆசை வந்தது. ஏன் வராது? ஐம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். ஆனால் வகுப்புக்கே போகாமல் வாங்கும் பட்டத்தைச் சுவரில் எதற்கு மாட்டுவது? இருபது பேர் பெஞ்சு காலியாக, நான் மட்டும் பட்டதாரியா? போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பார்வையிட யாரும் வரவில்லை. இருபத்தொரு பேரும் வகுப்பில் இருந்தோம். முகலாயர் நிர்வாகம்.

செப்டம்பர் 24, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்றுக் காலை, நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கலந்தர் வந்து, ஆற்றோரத்து வயலில் சம்பா நாற்று முற்றிவிட்டது, புதன்கிழமை நட்டே ஆக வேண்டும் என்றார். அந்த வயலில் சேறு ஆழம். நடவு மிஷின் இறங்காது. கைநடவுதான். "அம்சத்துக்கிட்டச் சொல்லி நல்ல ஆளா வைக்கச் சொல்லுங்க" என்றேன். எனக்கு வரிசை கோணினால் பிடிக்காது. நல்ல ஆள் என்றால் இளவயது ஆள் என்று அம்சத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இன்று காலை வகுப்புக்குப் போனால் பன்னிரண்டு பேர். என் பக்கத்து இடம் காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய்க் கூட்டி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல். பேராசிரியர் மீரா உசேன். வேஷ்டி சட்டையில், தோளில் ஒரு துணிப்பையோடு, தனியாக. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். பாபநாசத்தில் பஸ் இல்லாமல் ஆட்டோ பிடித்தாராம். வேர்த்து வழிந்தது.

தலைகளை எண்ணினார். பதிவேட்டைப் பார்த்தார். "இருபத்தொண்ணுல பன்னெண்டு" என்றார். குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மதிவாணன் உடம்பு சரியில்லை, கல்யாணம், துக்கம் என்று ஏதேதோ அடுக்க ஆரம்பித்தார். நான் எழுந்தேன்.

"பொய் சொல்ல வேணாம் சார். பசங்க ரெண்டு பேரு அறுப்பு மிஷினோட பூதலூர் போயிருக்காங்க. பொண்ணுங்க ஏழு பேரு என் வயல்ல நிக்கிறாங்க. நடந்து வந்தா காட்டுறேன்."

"பூதலூருக்கும் நடந்துதான் போகணுமா?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் செருப்பை மாட்டினார்.

வகுப்பு முழுக்க எங்கள் பின்னால் வந்தது. வாய்க்கால் கரையோடு போய் வரப்பில் ஏறினோம். பேராசிரியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வயலில் முப்பது பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. யார் மாணவி, யார் அவள் அம்மா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியாது.

மதிவாணன் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி, பேராசிரியர் வரப்பில் நின்றபடி முதல் பெயரைக் கூப்பிட்டார். யாரும் நிமிரவில்லை. இரண்டாம் தடவை உரக்கக் கூப்பிட்டார். நடுவயலில் ஒருத்தி நிமிர்ந்து, கையில் நாற்றோடு, "பிரசென்ட் சார்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த பெயர். அடுத்த மூலையிலிருந்து குரல். ஏழு பேரும் சொன்னார்கள். சுடர்விழி மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

"எனக்கும் ஒரு நம்பர் குடுங்க சார். இவளுவளுக்கு முன்னாடி வந்து எறங்குனவ நானு" என்றாள் அம்சம். வயல் முழுக்கச் சிரிப்பு.

பதிவேட்டில் மையால் அடித்திருந்த ஒரு பெயரை அவர் உற்றுப் பார்த்து, "மேகலா யாரு?" என்று கேட்டார். சிரிப்பு நின்றது. வரப்போரத்திலேயே ஒரு பெண் நிமிர்ந்தாள்.

"நான்தான் சார். நான் டிசி வாங்கிட்டேன்."

"ஏம்மா?"

"தஞ்சாவூருக்குப் போக வீட்ல விட மாட்டேங்கிறாங்க. அதான் இங்க வந்துட்டேன்."

அவர் துணிப்பையிலிருந்து காகிதம் எடுத்து, மதிவாணன் முதுகை மேசையாக்கி, நின்றபடியே எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்கவில்லை. போகும்போது குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். கொடுத்தேன். சாப்பாடு பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதினோரு மணி பஸ் திரும்பும் நேரத்தில் ஏற்றிவிட்டோம்.

சாயங்காலம் சுடர்விழி சேறு காயாத காலோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அன்னிக்கு வகுப்பு காலியா இருந்ததுக்கு முதல்வர் விட்ட லீவு காரணம். இன்னிக்கு லீவு விட்டது நீங்க, ஞானாம்மா."

"நீ வர மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்க வயலுக்கு வரலன்னா எங்கம்மா அடுத்த தடவை எந்த வயலுக்குப் போவாங்க?"



செப்டம்பர் 25, வியாழன்

கலந்தரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இனி எங்கள் நிலத்தில் நடவு, களையெடுப்பு எல்லாம் சனி, ஞாயிறுதான். "வாய்க்கால் தண்ணி சனிக்கெழம பாத்து வருமா? முறை வர்றப்ப பாய்ச்சாம விட முடியுமா?" என்றார். மோட்டாரைப் போடுங்கள், நாற்றங்காலில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் நாள் பிரித்து விதையுங்கள், அதற்குத்தானே உங்களுக்கு மூளை இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டு போனார். திரும்பி வந்து காபி குடித்தார்.

அம்சத்திடம் நானே போனேன். அவள் தெரு வரைக்கும். படிக்கிற பிள்ளை எவளையும் வகுப்பு நாளில் என் வயலில் இறக்கக் கூடாது, அதற்காக உன்னை விட்டு வேறு ஆள் தேட மாட்டேன் என்றேன். உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். உட்கார்ந்தேன். "மத்த பண்ணையில நீங்க பேசுறீங்களாம்மா?" என்று கேட்டாள்.

பேசத்தான் வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

மூன்று வீட்டில் பேசினேன். ஒருவர் சரி என்றார். ஒருவர் பார்க்கலாம் என்றார். மூன்றாமவர், "ஒங்களுக்கு டாக்டர் சொன்னாரு, படிக்கிறீங்க. எங்களுக்கு எதுக்கு?" என்றார். அவர் பாட்டனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் யார் எத்தனாவது படித்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக் காட்டினேன். என் நினைவாற்றலை அவரே சோதித்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 9, வியாழன்

பல்கலைக்கழகத்திலிருந்து மதிவாணனுக்கு போன் வந்தது. நாங்கள் இங்கேயே படிப்பை முடிக்கலாமாம் என்று ஓடி வந்து வகுப்பின் நடுவில் சொன்னார். பெண்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. யார் பேசினார்கள், பதவி என்ன, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டேன். ஒன்றும் கேட்டு வைக்கவில்லை அந்த மனிதர்.

அக்டோபர் 13, திங்கள்

மேகலா வெள்ளிக்கிழமையிலிருந்து வகுப்புக்கு வருகிறாள். டிசியைத் திருப்பி மதிவாணன் மேசையில் வைத்துவிட்டாள். அவர் அதை வாங்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவள் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லாமல் நோட்டைத் திறக்கிறாள்.

பதிவாளருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தை இங்கேயும் எழுதிக்கொள்கிறேன். முதல் வடிவத்தில் இருந்த கடுமையான இரண்டு வாக்கியங்களைச் சுடர்விழி அடித்துவிட்டு, அதைவிடக் கடுமையாக ஒன்றைச் சேர்த்தாள். அதை வைத்துக்கொண்டேன்.

ஐயா,

இப்போது படிக்கும் மூன்று ஆண்டு மாணவர்களும் படிப்பு முடியும்வரை இதே வளாகத்தில் படிக்கலாம் என்றும், அடுத்த ஆண்டுச் சேர்க்கை தஞ்சாவூரில் மட்டுமே என்றும் 9ஆம் தேதி உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் தெரிவித்தார்கள். முதலாவதற்கு நன்றி. இரண்டாவதை நாங்கள் ஏற்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் எங்கள் தங்கைகள். அவர்களுக்கும் வேறு பஸ் கிடையாது.

காலை ஒன்பது மணிப் பேருந்தைத் திரும்பக் கேட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பல்கலைக்கழகமும் கேட்க வேண்டும். வேலை நாட்களில் மாணவிகளை நடவுக்கு அழைப்பதில்லை என்று நிலம் வைத்திருக்கும் இரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களிடமும் பேசிவருகிறோம். எங்கள் பக்கத்துக் குறையை நாங்கள் சரிசெய்துகொள்கிறோம். உங்கள் பக்கத்துக் குறையை நீங்கள் பார்க்க வேண்டும்.

உங்கள் உத்தரவினால் விலகிய மாணவி மேகலாவை மீண்டும் பதிவேட்டில் சேர்க்க அனுமதி தேவை. அவர் வகுப்பில் இருக்கிறார்.

சேர்க்கை, பேருந்து, மேகலா ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசியில் வேண்டாம். என் வீட்டுக்கும் வேண்டாம். இரண்டாம் ஆண்டு வரலாறு, இருபத்திரண்டு பேர் என்று எழுதி, வளாக முகவரிக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.